எல்லோரோடும் சேர்ந்து ஓர் ‘ஆ’

கோளரங்கத்தில் அந்த அம்மாளுக்கு அம்பம்மா என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடுவார் யாரும் இல்லை. எல்லாம் அவள் கையில் இருந்த ஒளி அம்பால் வந்த வினை. விளக்கை அணைத்ததும் உருண்டைக் கூரையில் நட்சத்திரங்கள் பூக்கும். அவற்றுக்கு நடுவே சின்னதாக ஒரு பச்சை அம்பு ஓடும். “இதோ பாருங்க” என்பாள், அம்பு ஒன்றின் மேல் போய் நிற்கும். “அதோ, அங்கேருந்து இப்படியே இங்க வாங்க” என்பாள், அம்பு துள்ளி இன்னொன்றில் உட்காரும். கூட்டம் “ஆ!” என்னும். அந்த ‘ஆ’வைக் கேட்கத்தான் இவள் காலையில் எழுந்து பல்லே தேய்க்கிறாள் என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். ஒலிபெருக்கி கெட்டுப்போன நாளில்கூடக் கடைசி வரிசைவரை எட்டும். கோபமும் அதே அளவுக்கு உண்டு. காட்சிக்கு நடுவில் யாராவது இருமினால் இருட்டிலேயே அந்தப் பக்கம் திரும்பி முறைப்பாள். அந்த முறைப்பு யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

அவள் வீட்டிலேயே அவளுடைய நாத்தனாரும் இருந்தாள். நாத்தனார் என்றதும் சண்டைக்காரி என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். சண்டைக்காரிதான், ஆனால் நியாயமான சண்டைக்காரி. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பிறவியிலேயே பார்வை கிடையாது. வடிவியல் நடத்தினால் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் புரியும் என்று பேர் வாங்கியவள். வீட்டிலும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள், அண்ணனும் சேர்த்து. அண்ணிக்கும் அவளுக்கும் ஒத்துப்போன மாதிரி உடன்பிறந்தவர்களுக்குக்கூட ஒத்துப்போகாது. ஆனால் அண்ணி வேலை செய்த அந்தக் கோளரங்கத்து வாசற்படியை மட்டும் டீச்சர் ஒருநாளும் மிதித்ததில்லை. புதுக் காட்சி வரும்போதெல்லாம் அம்பம்மா கூப்பிடுவாள். “எனக்கு எதுக்கு அண்ணி? இருட்டு எனக்கென்ன புதுசா?” என்று இவள் சிரிப்பாள். வீடே சிரிக்கும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் கோளரங்கத்து இயக்குநர் அம்பம்மாவைக் கூப்பிட்டு, வாராந்திர விடுமுறை நாள் காலையில், பார்வை இல்லாதவர்களுக்கென்று தனியாக ஒரு காட்சி தயார் செய்யச் சொன்னார். அம்பம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

“டீச்சர், இனிமே நீ தப்பிக்க முடியாது. உங்களுக்குன்னே தனிக் காட்சி போடறோம். நான்தான் பண்றேன். வேற கூட்டமே இருக்காது, நீங்க மட்டும்தான்!”

டீச்சர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். 

“நான் அஞ்சாவது படிக்கும்போது ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க அண்ணி. இதே மாதிரி ஒரு இடம். உங்களை மாதிரி ஒருத்தங்கதான் பேசினாங்க. ‘இதோ பாருங்க’ன்னாங்க. எல்லாரும் ‘ஆ’ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல இருந்தவளைக் கிள்ளி, என்னடீ, என்னடீன்னு கேட்டேன். ‘சும்மா இரு, அப்புறம் சொல்றேன்’னா. மறுபடி ‘அதோ’ன்னாங்க, மறுபடி ‘ஆ’ன்னாங்க. எனக்குப் பொறுக்கல. எல்லாரும் சொல்றாங்களே, நாமளும் சொல்லித்தான் பாப்போமேன்னு நானும் ‘ஆ’ன்னேன். அதுக்குள்ள எல்லாரும் சொல்லி முடிச்சிட்டாங்க. என் ‘ஆ’ மட்டும் ஒத்தையா போச்சு. மொத்த அரங்கமும் சிரிச்சுது.”

“ஐயோ, டீச்சர்…”

“சிரிச்சது தப்பில்ல. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். ஆனா எனக்குத் தனிக் காட்சி வேணாம் அண்ணி. தனியா ஒரு ‘ஆ’ சொல்லிப் பாத்தாச்சு, ஒரு ஜென்மத்துக்கு அது போதும். எல்லாரும் சொல்ற அதே நேரத்துல, அதே விஷயத்துக்கு, நானும் சொல்லணும். சும்மா ஒப்புக்கு இல்ல, நெஜமாவே வாயிலேருந்து வரணும். அது உங்களால முடியும்னா வர்றேன். முடியாதுன்னா ஆளை விடுங்க.”

இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இதை ஒளித்து வைத்திருந்தாளா? அம்பம்மாவுக்கு முதலில் அழுகை வந்தது. ராத்திரி படுக்கும்போது கோபம் வந்தது. ஆசை ஆசையாகச் செய்யப் போனால் இப்படியா மூஞ்சியில் அடித்தாற்போல் பேசுவது? விடிவதற்குள் அந்தக் கோபமும் போய்விட்டது. முடியுமா என்ற கேள்வி மட்டும் மிச்சமாக நின்றது.

மறுநாள் தன் காட்சியைத் தானே பதிவு செய்தாள். மத்தியானம் ஆள் இல்லாத அரங்கத்தில் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். இதோ. அதோ. இங்க பாருங்க. இப்படியே மேல போங்க. இது இருக்கில்ல, இதுக்குப் பக்கத்துல அது. எவ்வளவு கேட்டாலும் அதேதான். ஊரே மெச்சிய அந்தக் குரலில் அம்பை எடுத்துவிட்டால் வானமே இல்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றைக்கே கடைக்குப் போய்த் தலையளவு அலுமினியக் கிண்ணம் ஒன்றை வாங்கிவந்தாள். வானம் நமக்குக் கவிழ்த்த கிண்ணமாகத்தானே தெரிகிறது? அதையே கையில் கொடுத்துவிட்டால் என்ன? சமையலறை மேசையில் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். அதன் முதுகில் விண்மீன் வரைபடத்தைப் பரப்பி ஒட்டினாள். பெரிய நட்சத்திரத்துக்குத் தடித்த ஆணி, சின்னதுக்கு மெல்லிய ஆணி என்று எடுத்து வைத்துக்கொண்டு சுத்தியலால் தட்ட ஆரம்பித்தாள். விளிம்பில், தெற்குப் பக்கம், அடையாளத்துக்கு ஒரு வெட்டு. உள்ளே விரல் விட்டால் ஒவ்வொரு ஓட்டையும் தட்டுப்படும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணுக்கும் தெரியும்.

“வானத்துல ஓட்டை போடறியே, மழை பெஞ்சா ஒழுகாதா?” என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“உங்க வாய் ஒழுகறதை விடவா?” என்றாள் அம்பம்மா, சுத்தியலை நிறுத்தாமல்.

சத்தம் கேட்டு டீச்சர் வந்து எதிரே உட்கார்ந்தாள். கிண்ணத்தை அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்பம்மா அவளுக்கு வேறொன்றைச் சொன்னாள். திறந்தவெளியில் வானம் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் அது. அம்பு கையில் இருந்ததால் அரங்கத்துக்குள் அவள் அதைச் சொன்னதே இல்லை.

“கையை நேரா நீட்டு. முஷ்டி பிடி. அந்த முஷ்டி மறைக்கற அளவு வானம் பத்து பாகை. கண் மட்டத்துலேருந்து ஒரு முஷ்டி மேல ஒரு முஷ்டியா வெச்சுக்கிட்டே போனா, ஒன்பதாவது முஷ்டி உச்சந்தலைக்கு மேல வந்துடும்.”

“யார் முஷ்டி? உங்களதா, என்னுதா?”

“யாருதா இருந்தா என்ன?”

“கதை விடாதீங்க அண்ணி. உங்க கை உலக்கை மாதிரி. என் கை குச்சி மாதிரி. எப்படி ஒண்ணா வரும்?”

“என் முஷ்டி பெருசுன்னா என் கையும் நீளம். தள்ளிப் போயிடுதில்ல? உன் முஷ்டி சின்னது, கையும் குட்டை, கிட்ட இருக்கு. கோணம் ஒண்ணுதான்.”

கணக்கு டீச்சருக்கு இதற்குமேல் விளக்க வேண்டுமா?  அவள் எழுந்து நின்று, முஷ்டி மேல் முஷ்டியாக வைத்து, கை தலைக்குமேல் செங்குத்தாகப் போகும்வரை எண்ணினாள். ஒன்பது. அண்ணனை நாற்காலியிலிருந்து பிடித்து இழுத்து, அவர் கையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்பது. அதோடு விட்டாளா? பக்கத்து வீட்டுப் பெண்குழந்தையைக் கூப்பிட்டு, அந்த எலுமிச்சம்பழ அளவு முஷ்டிகளை அடுக்கச் சொன்னாள். ஒன்பதேதான். டீச்சரின் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றதை அம்பம்மா கண்ணால் பார்த்தாள்.

“கடவுள் எல்லார் உடம்புலயும் ஒரே அளவுகோலை வெச்சுத்தான் அனுப்பியிருக்காரா, அண்ணி? நான் இத்தனை வருஷமா கோணமானியைத் தேடித் தேடிப் பாடம் நடத்தறேன். இது என் கையிலேயே இருந்திருக்கே!” என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் வழக்கமான குரலுக்கு வந்து, “சரி, கையே இல்லாதவங்க வந்தா?” என்று கேட்டாள்.

அம்பம்மா சுத்தியலை மேசையில் வைத்தாள்.

“ஒரு வழி மட்டும் வெச்சா யாராவது ஒருத்தர் வாசல்ல நின்னுடுவாங்க, அண்ணி. கிளாஸ்ல நான் ஒரே கணக்கைச் சொல்லியும் காட்டுவேன், கயிறு கட்டியும் காட்டுவேன், பசங்களையே மூலைக்கு மூலை நிக்க வெச்சும் காட்டுவேன். யாருக்கு எதுல புரியும்னு யாருக்குத் தெரியும்? எனக்காகன்னு கயிறு கட்டினேன். கண்ணு நல்லா தெரியற பசங்கதான் அந்தக் கயித்துக்கு அடிச்சுக்கறாங்க.”

அப்படித்தான் ஒலி வந்தது. கோளரங்கத்தில் ஒலிக்கருவிகளைக் கவனிப்பவர் தங்கமான மனுஷன். எதைச் சொன்னாலும் முதலில் முடியாது என்பார், மறுநாள் முடித்துக்கொண்டு வருவார். நட்சத்திரம் எந்தத் திசையில் எழுகிறதோ அந்தத் திசையிலிருந்தே அதற்கொரு ஓசை வரும்படி செய்தார். காது கேளாதவர்களுக்காக, சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் கூரையின் அடிவிளிம்பில் மங்கலான எழுத்தாக ஓடும்படி ஏற்பாடாயிற்று. முன்வரிசையில் சில இருக்கைகளைக் கழற்றிச் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டார்கள். அம்பம்மா தன் பேச்சைப் புதிதாக எழுதி, வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகினாள். வாய் தவறி ‘இதோ’ வந்தால் டீச்சர் மேசையைத் தட்டுவாள். முதல் வாரம் மேசை உடைந்துபோகாமல் இருந்ததே பெரிய காரியம்.

அதற்குள் கிண்ணமும் தயாராகிவிட்டது. தெற்கு வெட்டைத் தனக்கு நேர் முன்னால் வைத்துக் கிண்ணத்தைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, டீச்சர் உள்ளே விரல்களை ஓட்டினாள். அம்பம்மா சொல்லச் சொல்ல வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடித்தாள். அவன் இடுப்பில் நெருக்கமாக ஒரே வரிசையில் மூன்று ஓட்டை. தோள் இரண்டு, கால் இரண்டு.

“இப்போ இடுப்புலேருந்து இடது பக்கம் கீழே சாஞ்சாப்பல ரெண்டு முஷ்டி தூரம் போ, கிண்ணத்துல அது ரெண்டு விரல் அகலம். வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம் வரும்” என்றாள் அம்பம்மா.

விரல் போயிற்று. தேடியது. திரும்பி வந்தது. “இடது பக்கம் அப்படி ஒண்ணும் இல்லையே. பெரிய ஓட்டை வலது பக்கம் இருக்கு.”

“இடதுதான்.”

“அண்ணி, ஒண்ணு உங்க வாய் தப்பு, இல்ல உங்க கிண்ணம் தப்பு.”

“யார்கிட்ட சொல்றே? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன் இடதுன்னு. வரைபடத்தை அப்படியே வெச்சு அடிச்சிருக்கேன், தப்பாவா போயிடும்?” என்று சீறிய அம்பம்மா, வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். வரைபடம், வானத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்காக வரைந்தது. அதை அவள் கிண்ணத்தின் முதுகில் வைத்து, மேலேயிருந்து ஆணி அடித்திருக்கிறாள். உள்ளே போனதும் இடது வலதாகி, கிழக்கு மேற்காகிவிட்டது. வாழ்நாள் முழுக்க வானத்துக்கு அடியில் நின்று பேசியவள் செய்கிற தப்பா இது!

சொன்னதும் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கடவுள் உக்காந்திருக்கற பக்கத்துலேருந்து அடிச்சிட்டீங்க அண்ணி! இந்தக் கிண்ணத்தை அவருக்கே அனுப்பி வைங்க.”

அம்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் கோளரங்கத்துப் பட்டறையில் வரைபடத்தைக் குப்புறப் போட்டு ஒட்டி, எல்லா இருக்கைக்கும் ஒன்று வீதம் கிண்ணம் அடிக்கச் சொன்னாள். விரல் கிழியாமல் இருக்க ஒவ்வொரு ஓட்டையும் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டது. அந்தச் சத்தம் கேட்டு இயக்குநர் வந்துவிட்டார்.

“என்ன மேடம் இது? எல்லா சீட்டுக்குமா? பார்வை இல்லாதவங்க நாலு பேர் வருவாங்க, நாலு கிண்ணம் போதும். மத்தவங்களுக்கு எதுக்கு?”

“தனித்தனியா கொடுத்தா தனித்தனி காட்சி ஆயிடும் சார். எல்லாருக்கும் ஒண்ணுதான். வழக்கமான காட்சி, வழக்கமான நேரம்.”

“கண்ணு தெரியறவன் கிண்ணத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? சாப்பாடு எப்போன்னு கேப்பான்” என்றபடி அவர் ஒரு கிண்ணத்தை எடுத்தார். திட்டுவதற்கு வாகாகத்தான் எடுத்தார். எடுத்தவர், சும்மா ஜன்னல் பக்கம் திரும்பி அதைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“இந்த மூணு… இதுவா வேட்டைக்காரன் இடுப்பு?”

“அதுதான் சார்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க அம்பு வெச்சுக் காட்டும்போது நான் ஒரு தடவைகூட இதைப் பிடிச்சதில்ல மேடம். அம்பு எங்கேன்னு தேடறதுக்குள்ள அது வேற இடத்துக்குப் போயிடும். பக்கத்துல எல்லாரும் ‘ஆ’ன்னு தலையாட்டுவாங்க. நானும் ஆட்டிடுவேன்.”

அம்பம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோளரங்கத்து இயக்குநரே இப்படி என்றால், இத்தனை வருஷம் அவள் காதில் தேனாகப் பாய்ந்த ‘ஆ’க்களில் நிஜம் எத்தனை, ஒப்புக்குச் சொன்னது எத்தனை? அஞ்சாவது படிக்கும்போது டீச்சர் செய்ததைத்தான் அத்தனை பேரும் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் சரியான நேரத்துக்குச் செய்தார்கள், அவள் கொஞ்சம் பிந்திவிட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லா இருக்கைக்கும் கிண்ணம் வைக்க இயக்குநர் சம்மதித்தார். புகார் வந்தால் பழையபடி அம்புதான் என்று ஒரு வார்த்தையும் போட்டு வைத்தார்.

அந்த நாளும் வந்தது. வெளியே நல்ல மழை. ஒதுங்க வந்தவர்களும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததில் அரங்கம் நிறைந்துவிட்டது. குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், கல்லூரிப் பெண்கள், சக்கர நாற்காலியில் ஓர் இளைஞன், விரல்களால் வேகமாகப் பேசிக்கொண்ட கணவன் மனைவி. டீச்சர் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், நனைந்த சட்டையோடு, பாரவண்டி ஓட்டும் ஓர் ஆள். அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஓட்டைக் கிண்ணத்தைக் கொடுத்துட்டாங்கம்மா” என்று டீச்சரிடமே புகார் சொன்னார். “எல்லாருக்கும் ஓட்டைதாங்க” என்று டீச்சர் ஆறுதல் சொன்னாள்.

அம்பம்மா மேடையில் ஏறி நின்றாள். கையில் அம்பு இல்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகம் போல் இறுகியிருந்தது. இன்றைக்கும் தோற்றால் இவள் இனி எந்தக் கூரைக்குக் கீழேயும் வரமாட்டாள் என்று அம்பம்மாவுக்குத் தெரியும்.

விளக்கு எரியும்போதே கிண்ணத்தைத் தலைக்குமேல் பிடிக்கச் சொன்னாள். ஒரே கலகலப்பு. எங்கோ ஒரு கிண்ணம் கீழே விழுந்து படிப்படியாக உருண்டு போயிற்று, எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் முஷ்டிகளை அடுக்கச் சொன்னாள். நடுவில் உட்காராதவர்களுக்குக் கூரை நட்சத்திரங்களை அளக்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே வரும், அது போகட்டும். தாத்தாக்களும் பேரன்களும் முஷ்டி மேல் முஷ்டி வைத்து எண்ணினார்கள். “ஒன்பது!” “எனக்கும் ஒன்பது!” “இந்தப் பொடிசுக்கும் ஒன்பதுடா!” என்று நாலா பக்கமும் குரல்கள். அம்பம்மா அதைப் பார்த்தபடி நின்றாள். அம்பைப் பிடித்திருந்த வருஷங்களில் அவள் கூரையைத்தான் பார்த்தாள். அதற்குக் கீழே மனிதர்கள் வாயைப் பிளந்துகொண்டு இவ்வளவு அழகாக உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

மெல்ல இருட்டிற்று. இடது பக்கத்திலிருந்து, கிழக்கிலிருந்து, ஒவ்வொரு ஓசையாக எழுந்து மேலே ஏறியது. “நமக்கு இடது கைப் பக்கம் கிழக்கு. அங்கேருந்துதான் எல்லாம் எழும்பி வரும்” என்றாள். எழுத்துகள் விளிம்பில் ஓடின. வேட்டைக்காரனின் தோள்கள், கால்கள், பிறகு இடுப்பில் அடுத்தடுத்து மூன்று சின்ன மணியோசை. இருட்டில் யாருக்கும் கிண்ணம் தெரியவில்லை. கண்ணுள்ளவர்களும் விரலால்தான் தடவினார்கள். “கிடைச்சிடுச்சு”, “எனக்கும்” என்று கிசுகிசுப்பு அரங்கம் முழுக்கப் பரவியது. ஒருவர்கூட இருமவில்லை.

“வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம் ஒண்ணு இருக்கு. அதை நான் இன்னும் ஏத்தல” என்றாள் அம்பம்மா. “அது எங்க வரும்னு நான் சொல்லப்போறதில்ல, நீங்கதான் எனக்குச் சொல்லணும். வேட்டைக்காரன் இடுப்புலேருந்து இடது பக்கம் கீழே சாஞ்சாப்பல ரெண்டு முஷ்டி. கிண்ணத்துல அது ரெண்டு விரல் அகலம், தடவிப் பாருங்க. பாத்தாச்சா? இப்போ கையை நீட்டி அந்த இடத்தைக் காட்டுங்க.”

நட்சத்திர வெளிச்சத்தில் கைகள் எழுந்தன. ஒன்று, பத்து, பிறகு எல்லாம். குழந்தைக் கைகள், வளையல் கைகள், பாரவண்டிக்காரரின் தடித்த கை. கையைத் தூக்க முடியாத சக்கர நாற்காலி இளைஞன் முகத்தைத் திருப்பி மோவாயால் காட்டினான். டீச்சரின் மெலிந்த கையும் அவற்றுக்கு நடுவே நீண்டது. அத்தனையும் ஒரே இடத்தைக் காட்டின. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. கண்ணில்லாதவளும் கண்ணுள்ளவனும், காது கேளாதவனும் பச்சைக் குழந்தையும், இல்லாத ஒரு நட்சத்திரத்தை இங்கேதான் இருக்க வேண்டும் என்று ஓர் அரங்கமே காட்டிக்கொண்டிருந்தது.  எத்தனையோ ஆயிரம் முறை அம்பம்மா இந்த வானத்தைக் காட்டியிருக்கிறாள்; ஒருமுறைகூட வானத்தை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. பொத்தானை அழுத்தவே மறந்துபோனாள். ஒலிக்காரர் செருமிய பிறகுதான் நினைவு வந்தது.

அழுத்தினாள். அத்தனை விரல்களின் நுனியிலும் நட்சத்திரம் எரிந்தது. அதே இடத்திலிருந்து ஆழமாக ஒரு மணி முழங்கிற்று, இருக்கைகள் அதிர்ந்தன.

“ஆ!”

அப்படி ஒரு ‘ஆ’வை அவள் கேட்டதே இல்லை. மழைச் சத்தம் அமுங்கிப் போயிற்று. ஆனால் அம்பம்மா அதை ரசிக்கும் நிலையில் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு அதற்குள் ஒரு குரலைத் தேடினாள். அடுத்த தெருவில் பேசினாலும் இன்னார் என்று சொல்லிவிடுவாளே, அந்தக் குரல். காணோம். எங்கேயும் காணோம். ‘ஆ’ அடங்கி முடிந்தது. பிந்தி வந்த குரலும் எதுவும் இல்லை. டீச்சர் வாயைத் திறக்கவில்லை.  அம்பம்மா மீதிக் காட்சியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடத்தி முடித்தாள்.

விளக்கு எரிந்த பிறகும் கூட்டம் லேசில் கலையவில்லை. இயக்குநர் வாசலில் நின்று யார் யாரிடமோ கை குலுக்கிக்கொண்டிருந்தார். அம்பம்மா படிகளில் இறங்கி நடு வரிசைக்கு வந்தாள். டீச்சர் மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அம்பம்மா அவள் தோளைத் தொட்டாள்.

“நீ சொல்லலையா, டீச்சர்?”

“எதை அண்ணி?”

“‘ஆ’ன்னு.”

பக்கத்து இருக்கையில் காதைக் குடைந்துகொண்டிருந்த பாரவண்டிக்காரர் நிமிர்ந்தார். “சொல்லலையாவா? என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? இந்தம்மா போட்ட சத்தத்துல இந்தப் பக்கக் காது இன்னும் கொய்ங்குங்குதுங்க!”

“வண்டி ஆரன் மாதிரி நீங்க போட்டது மட்டும் என்னவாம்?” என்று அவருக்குப் பதில் கொடுத்துவிட்டு டீச்சர் அண்ணி பக்கம் திரும்பினாள். “தொண்டை கிழியக் கத்தினேனே. உங்களுக்குக் கேக்கலையா?”

“கேக்கலடீ. உன் குரலைத்தான் தேடினேன். எவ்வளவோ தேடிப் பாத்தேன், கண்டுபிடிக்கவே முடியல.”

 டீச்சர் மெதுவாகக் கை நீட்டி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தனியா கேக்கலையா?”

“தனியா கேக்கவே இல்ல.”

டீச்சரின் கண்களில் நீர் தளும்பி வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவள் அண்ணியின் கையை விடவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி” என்றாள்.